முத்தம் விழாத கன்னம்

அத்தியாயம் 9

கார்னிவல் திருவிழாவின் உச்ச நாளான ரோஜா திங்களன்று ரைன் நதிப் பக்கம் குற்றம் செய்வது சுலபம், கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். யாருக்குப் போன் போட்டாலும் எடுக்க மாட்டார்கள். வக்கீல் கரடி வேஷத்தில் தெருவில் ஆடிக்கொண்டிருப்பார். நீதிபதி அலங்கார வண்டி மேல் நின்று ஜனங்களின் தலையில் மிட்டாய் வீசிக்கொண்டிருப்பார். ஊரே குடித்துவிட்டுப் பாடும் அந்த நாளில் குடிக்காமலும் பாடாமலும் இரண்டு பேர் காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தோம். ஒருவர் மேஜர் இங்குன் ஹாவிக். நார்வேக்காரி, துப்பறிவதில் புலி, பேச்சில் கஞ்சம். இன்னொருவர் சார்ஜன்ட் யோரிஸ், அதாவது நான். பெல்ஜியம், துப்பறிவதில் சுமார். மேஜர் மிச்சம் பிடிக்கிற பேச்சையெல்லாம் நான் செலவு பண்ணுவேன்.

“யோரிஸ், விமானம் எத்தனை மணிக்கு?”

“நாலு மணிக்கு, மேடம். அவங்க நாட்டு ராணுவ விமானம். அதுல டீ கூடக் கொடுக்க மாட்டாங்க.”

“நமக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு.”

“ஜிவிலேக்கும் அவ்வளவுதான் இருக்கு.”

மேஜர் நடையை வேகப்படுத்தினார். உண்மையை யாராவது வெளிப்படையாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீடர்ஹோர்ஸ்ட்டில் இருப்பது கூட்டு வான்படைக் கட்டளை மையம். பல நாட்டுக்காரர்கள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரே வானத்தைப் பார்க்கிற இடம். இங்கே பதவி என்று யாரும் சொல்வதில்லை, நாற்காலி என்போம். ஒவ்வொரு நாற்காலியும் ஒரு நாட்டுக்குச் சொந்தம். அந்த நாடு ஆள் அனுப்பாவிட்டாலும் வேறு எவனும் அதில் உட்காரக் கூடாது. எங்கள் விசாரணைப் பிரிவில் மொத்தம் மூன்று நாற்காலி. ஒன்றில் மேஜர், ஒன்றில் நான், மூன்றாவது நான் வந்த நாளிலிருந்து காலி. அதன் மேல் என் சாப்பாட்டு டப்பா உட்கார்ந்திருக்கும். எங்கள் பிரிவிலேயே வாய் பேசாத ஒரே உறுப்பினர் அதுதான்.

இந்த வருஷம் இரண்டு மையங்களை ஒன்றாக்கிப் பாதி நாற்காலிகளைக் குறைக்கப் போகிறோம் என்றார்கள். யாருக்கு எந்த நாற்காலி போகும், யாருக்கு நிற்கும் என்பதைப் பூட்டிய ஓர் அறையில், பெரிய பலகையில் வண்ண வில்லைகளை ஒட்டியும் பிய்த்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்டுக்கு ஒரு வண்ணம். சனிக்கிழமை காலை அந்தப் பலகையின் படம் ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. ஏழெட்டுத் தலைநகரங்களில் மந்திரிகளுக்குக் காபி புரையேறியது.

படத்தில் இருந்தது வியாழக்கிழமை காலைப் பலகை. அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வில்லைகளை மறுபடி மாற்றிவிட்டார்கள். காலை முழுக்க அறையில் கூட்டம் நடந்தது. நடுவில் அரை மணி நேரம்தான் அறை காலியாக இருந்தது. அந்த அரை மணியில்தான் யாரோ உள்ளே போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். கதவுப் பூட்டின் எண் தெரிந்தவர்கள் நாலே பேர். மையத்தின் தலைவர் ஜெனரல் ஹோல்ட்கம்ப், சீரமைப்புக் குழுவை நடத்துகிற கர்னல் மாரெஸ்கோ, அவருக்கு உதவியாக இருக்கிற டச்சுக்கார லெப்டினன்ட் கர்னல் சீட்ஸே, அப்புறம் வில்லைகளை ஒட்டுகிற சார்ஜன்ட் ஜிவிலே.

முதல் மூன்று பேரும் அந்த அரை மணி நேரம் காண்டீனில் இருந்தார்களாம். ஜிவிலே மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையே முடிவு கட்டிவிட்டார்கள். இன்று நாலு மணிக்கு அவளை ஊருக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கே ராணுவ நீதிமன்றம், பிறகு சிறை. ரகசியத்தை விற்றவள் என்ற பட்டம் வேறு, ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டு வரும்.

(கேஸ் முடிந்ததும் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அதனால் சில பெயர்களையும் நாடுகளையும் மறைத்திருக்கிறேன். அதையும் மீறிக் கண்டுபிடித்தால் அது உங்கள் சமர்த்து.)

காலையில் ஜிவிலேயைப் போய்ப் பார்த்திருந்தோம். விருந்தினர் விடுதியில், வெளியே காவல் போட்ட அறையில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டாள்.

“அந்த அரை மணி நேரம் எங்கம்மா இருந்தே?” என்று கேட்டார் மேஜர்.

“பக்கத்து ரூம்ல, மேடம். என் மேஜையில கறுப்பு ரொட்டி தின்னுட்டு இருந்தேன். எனக்கு அந்தக் கூத்து, சத்தம் எல்லாம் ஆகாது.”

“யாராவது உன்னைப் பார்த்தாங்களா?”

“ரொட்டி பார்த்துச்சு.”

“நீ யாரையாவது பார்த்தியா?”

அதற்கு அவள் சுவரைப் பார்த்தாள். “விடுங்க மேடம். நீங்க எவ்வளவு தேடினாலும் ஒண்ணும் ஆகப் போறதில்ல” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

அதற்கப்புறம் மதியம் வரைக்கும் நாங்கள் தட்டாத கதவு இல்லை. பத்திரிகைக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சீட்ஸேயைப் பிடித்தால், “நான் காண்டீன்லதான் இருந்தேன், என் டையைப் பாருங்க” என்று பாதி டையை எடுத்துக் காட்டிவிட்டு ஓடினார். கண்காணிப்புக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார வேண்டிய வரிசையில் இரண்டு பேர் உட்கார்ந்து, பாதி ஐரோப்பாவின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்ச மூன்று நாற்காலிகளும் காலி. அவற்றின் முதுகில் அந்தந்த நாட்டுக் கொடி மட்டும் தைத்திருந்தது. அவர்களிடம் கேள்வி கேட்க மேஜருக்கே மனசு வரவில்லை.

“பசிக்குது, மேடம். வெறும் வயித்துல நான் துப்பறிஞ்சா தப்பான ஆளைப் பிடிப்பேன்.”

“வயிறு நிறைஞ்சா மட்டும் சரியான ஆளையா பிடிப்பே?” என்றார். ஆனாலும் காண்டீன் பக்கம்தான் திரும்பினார்.

காண்டீன் ரேஸியின் ராஜ்ஜியம். உள்ளூர்ப் பெண்மணி, தேனீ வேஷத்தில் இருந்தார். தலையில் இரண்டு கம்பிகள் ஆடிக்கொண்டிருந்தன. பரிமாறும் ஜன்னலுக்கு மேலே ஒரு கயிறு கட்டி, அதில் வியாழக்கிழமை வெட்டிய டைகளின் நுனிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். நீலம், கறுப்பு, சாம்பல், பச்சை என்று பல நாட்டு விமானப் படைகளும் அங்கே தொங்கின.

மேஜர் அண்ணாந்து பார்த்தார். “இது என்ன கசாப்புக் கடை?”

“கார்னிவல் வியாழக்கிழமை பொம்பளைங்க ராஜ்ஜியம், மேடம்” என்றேன் நான். “காலையில மணி பதினொண்ணு, நிமிஷம் பதினொண்ணு ஆச்சுன்னா கத்தரிக்கோலோட கிளம்பிடுவாங்க. கண்ணுல படுற ஆம்பளை டையெல்லாம் கச்சக். அன்னைக்குத் தலைநகரத்து ஆளுங்க வந்திருந்ததால நாங்க எல்லாரும் முழுச் சீருடை. அறுவடை அமோகம். நீங்கதான் வருஷா வருஷம் இந்த நேரத்துல நார்வேயில பனியில சறுக்கப் போயிடுறீங்களே.”

“அந்த அரை மணி நேரம் இதுக்குத்தானா?”

“இதுக்கேதான். காண்டீன்ல இருந்தவன் டை வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்படாத டையோட வெளியே போன ஆம்பளை ஒருத்தன் கிடையாது. அதைவெச்சுத்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கழிச்சுக் கட்டினாங்க. ஜெனரல் டை வெட்டுப்பட்டிருக்கு, கர்னல் டை வெட்டுப்பட்டிருக்கு, சீட்ஸே டை வெட்டுப்பட்டிருக்கு. ஜிவிலே பொம்பளை. அவளுக்கு ஏது டை? டை இல்லாதவளுக்குச் சாட்சியும் இல்ல.”

“நல்ல சட்டம்” என்றார் மேஜர். அவர் அப்படிச் சொன்னால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்தபோது அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அங்கே வருஷா வருஷம் ஒரு படம் மாட்டுவார்கள். டை வெட்டுப்பட்ட ஆண்கள் எல்லோரும் கடைசியில் ஒன்றாக நின்று எடுத்துக்கொள்ளும் படம். இந்த வருஷத்துப் படம் வெள்ளிக்கிழமையே சுவரேறிவிட்டது.

“யோரிஸ், இது நீதானே?”

“நடுவுல நிக்கிறேனே, அழகா.”

“உன் கன்னத்துல சிவப்பா என்ன?”

“முத்தம், மேடம்.”

மேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அட, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. டையை வெட்டினவ கன்னத்துல ஒரு முத்தம் கொடுத்தாகணும். நஷ்ட ஈடு. இந்தப் பக்கத்துல அது எழுதாத சட்டம். அதுக்குன்னே அன்னைக்குப் பொம்பளைங்க உதட்டுச் சாயத்தைக் கெட்டியா பூசிட்டு வருவாங்க. சோப்பு போட்டாலும் சீக்கிரத்துல போகாது.”

“உனக்கு மூணு இருக்கு. டை ஒண்ணுதானே?”

“ரெண்டு பேரு அனுதாபத்துல கொடுத்தது.”

மேஜர் சிரிக்கவில்லை. படத்துக்கு மூக்கு முட்டுகிற மாதிரி நெருங்கி, ஒவ்வொரு முகமாக விரலை நகர்த்திக்கொண்டு போனார். ஜெனரல் ஹோல்ட்கம்ப்பின் இடது கன்னத்தில் ஒன்று. சீட்ஸேயின் நெற்றியிலேயே ஒன்று, உயரமான ஆளுக்கு யாரோ எம்பிக் கொடுத்திருக்க வேண்டும். கடைசி வரிசை ஓரத்தில் விரல் நின்றது.

கர்னல் மாரெஸ்கோ. டை பாதியில் வெட்டுப்பட்டுத் தொங்குகிறது. வாயெல்லாம் பல். இரண்டு கன்னமும் சுத்தமாக, அப்போதுதான் சவரம் செய்த மாதிரி இருந்தன.

என் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

“கர்னல் எப்ப இங்க வந்தார்?” என்று கேட்டார் மேஜர்.

“போன கோடையில. இது அவருக்கு முதல் கார்னிவல்.”

“அப்ப அவருக்கு வெட்டுறது தெரியும். கொடுக்கிறது தெரியாது.”

நான் ரேஸியிடம் ஓடினேன். “ரேஸி, அந்தக் கயித்தைக் கொஞ்சம் இறக்குங்க!”

“கார்னிவல் முடியற சாம்பல் புதன் வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது, தம்பி. தொட்டா உன் பேன்ட்டை வெட்டுவேன்.”

“தொடலை, பார்த்துக்கிறேன்.”

கர்னலின் நாட்டு விமானப் படை டை இங்கே வேறு யாரிடமும் இல்லாத கரும்பச்சை. கழுத்தை வளைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். கயிற்றில் பச்சை உண்டு, வெளிர்ப்பச்சை உண்டு. கரும்பச்சை இல்லவே இல்லை. வெட்டிய துண்டு எங்கே போயிருக்கும்? தன் டையைத் தானே வெட்டிக்கொண்டவன் பாக்கெட்டுக்குத்தான் போயிருக்கும்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ரேஸியின் கன்னத்தில் நானே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். பின்னாலிருந்து ஒரு ரொட்டித் துண்டு பறந்து வந்து என் முதுகில் பட்டது.

கர்னல் மாரெஸ்கோ அறையில் தனியாக உட்கார்ந்து ஜாம் வைத்த உருண்டைப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கார்னிவல் சமயத்தில் இங்கே எல்லார் மேஜையிலும் அது இருக்கும். அழகான மனுஷர். கண்ணியமாகப் பேசுவார். எங்களைப் பார்த்ததும் தட்டை நீட்டினார்.

“எடுத்துக்கோங்க மேஜர். பாவம், லீவு நாள்லயும் வேலை.”

“வேண்டாம் சார். சும்மா ஒரு சின்ன விஷயம். நான் வியாழக்கிழமை ஊர்ல இல்ல. இந்த டை வெட்டுற வழக்கம் எனக்குப் புரியவே மாட்டேங்குது. எப்படி நடக்கும்?”

கர்னலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அதை ஏன் கேக்குறீங்க! கும்பலா வந்தாங்க. ஒருத்தி கையைப் பிடிச்சா, ஒருத்தி கத்தரிக்கோலை எடுத்தா. ஒரே சிரிப்பு. நல்ல டை, போச்சு.”

“வெட்டினதுக்குப் பதிலுக்கு ஏதாவது கொடுப்பாங்களாமே?”

“ஆமா, ஒரு குட்டி கிளாஸ்ல சாராயம் கொடுத்தாங்க.”

“அவ்வளவுதானா?”

“வேறென்ன கொடுக்கணும்?”

மேஜர் என் பக்கம் திரும்பினார். நான் என் கன்னத்தைத் தடவிக்கொண்டேன். கர்னல் என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வாயில் போன பணியாரம் மெல்லப்படாமல் நின்றது. மாட்டிக்கொண்டான் என்று என் மனசு குதித்தது.

“சார்ஜன்ட், அந்தக் கதவைச் சாத்துங்க” என்றார்.

சாத்தினேன். ஓடப் பார்ப்பார், மிரட்டுவார், இல்லையென்றால் காலில் விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைக்குட்டையால் விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தார்.

“அந்தப் பலகையில இந்த மையத்தோட தலைமை நாற்காலி எங்க கைக்கு வராம போச்சு. அடுத்த தடவை எங்க முறை. வாக்குக் கொடுத்திருந்தாங்க. வியாழக்கிழமை காலையில எங்க வில்லையைப் பிய்ச்சு வேற நாட்டு வில்லையை ஒட்டினாங்க, என் கண் எதிர்லயே. படம் வெளியே வந்தா எல்லா நாடும் கத்தும், பலகையைக் கலைப்பாங்கன்னு எனக்குத் தெரியும். கத்தினாங்க. கலைச்சாங்க. இப்ப நாற்காலி எங்களுக்கு.”

“அதுக்கு ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போகணுமா?” என்றேன் நான். இடையில் பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது.

“அது எனக்கும் வருத்தம்தான், சார்ஜன்ட். அவ பக்கத்து ரூம்ல இருந்தான்னு எனக்குத் தெரியாது.” நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. “ஆனா மேஜர், நீங்க சட்டம் தெரிஞ்சவங்க. இங்க ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க நாடுதான் விசாரிக்க முடியும். என்னை விசாரிக்க என் நாடு. நான் எதுக்காக இதைச் செஞ்சேன்னு என் நாட்டுக்கு நல்லாத் தெரியும். நீங்க போய் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க.”

மேஜர் எழுந்தார். “உங்களைப் பத்தி நான் இப்ப கவலைப்படலை சார். அந்தப் பொண்ணை வெளியே எடுக்கணும், அவ்வளவுதான்.”

ஜெனரல் ஹோல்ட்கம்ப் எல்லாவற்றையும் கேட்டார். படத்தைப் பார்த்தார். தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்த வாரத்தில் பத்து வயசு கூடிப்போயிருந்தது.

“நான் என்ன பண்ண முடியும், இங்குன்? நான் இங்க தலைவன். எந்த நாட்டு ஆளையும் ஒரு அறை அறையக்கூட எனக்கு உரிமை இல்ல. ஜிவிலே அவ நாட்டு ஆளு. அவ நாட்டு மூத்த அதிகாரி டார்கிஸ். அவர் ‘எங்க பொண்ணு குற்றவாளி இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்த விமானத்தை நானே திருப்பி அனுப்புவேன்.”

“சொல்லிடுவார் சார்” என்றேன் நான். “சொந்த நாட்டுப் பொண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?”

ஜெனரல் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை.

டார்கிஸ் பலகை அறையில் இருக்கிறார் என்றார்கள். செல்போனை வெளியே கூண்டில் போட்டுவிட்டு உள்ளே போனோம். லெப்டினன்ட் கர்னல் டார்கிஸ் ஒல்லியான, வழுக்கைத் தலை ஆசாமி. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேஜர் நடந்ததை ஒரு மூச்சில் சொன்னார். அவ்வளவு வார்த்தைகளை அவர் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. கடைசியில், “சார், உங்க பொண்ணு நிரபராதி. ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

டார்கிஸ் திரும்பவில்லை. “எனக்குத் தெரியும்” என்றார்.

“எது தெரியும்?”

“அவ நிரபராதின்னு. படம் வெளியான சனிக்கிழமை சாயங்காலமே என்கிட்ட வந்து சொன்னா. வியாழக்கிழமை கர்னல் முழு டையோட இந்த ரூம்லேர்ந்து வெளியே போனதைக் கதவிடுக்கு வழியா பார்த்திருக்கா. நான்தான் வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்.”

“ஏன்?” மேஜரின் குரல் கிறீச்சிட்டது.

டார்கிஸ் விலகி நின்று பலகையைக் காட்டினார். இன்று காலையில் ஒட்டிய புதுப் பலகை. உச்சியில் தலைமை நாற்காலியில் கர்னல் மாரெஸ்கோ நாட்டின் வண்ணம். அதற்கு அடுத்து, துணைத் தலைமை நாற்காலியில், நான் அந்த இடத்தில் ஒருநாளும் பார்த்திராத ஒரு வண்ணம். டார்கிஸ் நாட்டு வண்ணம்.

“நாங்க சின்ன நாடு, மேஜர். இந்த மையம் தொடங்கின நாள்லேர்ந்து எங்களுக்குக் கிடைச்சது எழுத்தர் நாற்காலியும் ஓட்டுநர் நாற்காலியும்தான். எங்க எல்லைக்கு மேல யாரோட விமானம் பறக்குதுன்னு எங்களுக்கு முன்னாடி மத்தவங்களுக்குத் தெரியும். இந்த நாற்காலி கிடைச்சா முடிவெடுக்கிற மேஜையில எங்க ஆளு ஒருத்தன் உட்காருவான். கர்னலோட நாட்டுக்காரங்க கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். விஷயம் உங்க பொண்ணோட முடியட்டும்னாங்க. எங்க மந்திரி சரின்னுட்டார்.”

“நீங்க?”

“எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா” என்றார் டார்கிஸ். கையிலிருந்த மிச்ச வில்லைகள் அவர் விரலுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தன.

அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. உலுக்கினாலும் ஒன்றும் விழாது என்று தெரிந்ததால் பலகையைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் எங்கள் விசாரணைப் பிரிவைத் தேடினேன். வலது கீழ்மூலையில் இருந்தது. மேஜரின் வில்லை இல்லை. என் வில்லை இல்லை. மூன்றாவது, ஆள் வராத நாட்டின் வில்லை மட்டும் பத்திரமாக ஒட்டியிருந்தது.

“மேடம், நம்ம பிரிவுல என் சாப்பாட்டு டப்பாவுக்கு மட்டும் வேலை நிரந்தரம்” என்றேன். சிரிப்பு வரவில்லை, எனக்கே வரவில்லை.

“இன்னைக்குக் காலையிலேர்ந்து அமல்” என்றார் டார்கிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு. “நீங்க அறிக்கை எழுதினாலும் வாங்கிக்கிற ஆள் இல்ல. மன்னிச்சுடுங்க.”

ஜெனரலின் பார்வை எனக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னால் சொல்ல முடியாததை இவர் வாயால் நாங்கள் கேட்கட்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறார்.

விமானத் தளம் வரைக்கும் வண்டியை நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் ஊர்வலம் முடிந்து திரும்புகிற கூட்டம். ஒரு கோமாளி எங்கள் கண்ணாடியில் மிட்டாயை எறிந்துவிட்டுக் கும்பிட்டான். மேஜர் மடியில் அந்தப் படம் இருந்தது. கேட்காமலே சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். எந்த நீதிமன்றத்தில் காட்டப் போகிறோம் என்று நான் கேட்கவில்லை.

படிக்கட்டு போட்டு விமானம் நின்றது. இரண்டு காவலர்களுக்கு நடுவில் ஜிவிலே வந்தாள். கையில் விலங்கு இல்லை, அந்த மட்டில் பரவாயில்லை. காவலர்கள் மேஜரைப் பார்த்ததும் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள்.

“கண்டுபிடிச்சுட்டோம், ஜிவிலே” என்றார் மேஜர்.

“தெரியும் மேடம். உங்க முகத்துல இருக்கு.”

“காலையில என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லி? நீங்க அப்பவே ஓடியிருப்பீங்க. அப்பவே முட்டிக்கிட்டு நின்னிருப்பீங்க. மத்தியானம் வரைக்குமாவது யாரோ ஒருத்தர் எனக்காகத் தேடிட்டு இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அது நல்லா இருந்துச்சு.”

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் நான் ஏதாவது நக்கலாகச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். அன்றைக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஜிவிலே மேஜர் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தாள். கர்னலின் சுத்தமான கன்னத்தைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“ஓ, இப்படித்தான் மாட்டினாரா! நானும் அந்தக் கூத்தைப் போய்ப் பார்த்திருக்கலாம். வெட்டினா முத்தம் கொடுக்கணுமாமே, யோரிஸ்?”

“ஆமா. இந்தப் பக்கத்துச் சட்டம்” என்றேன்.

“என்னைத்தான் எல்லாரும் சேர்ந்து வெட்டினாங்க” என்றாள். “எனக்கு அதுகூட யாரும் கொடுக்கல.”

விமானத்தின் இயந்திரம் உறுமத் தொடங்கியது. காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். மேஜர் இங்குன் ஹாவிக்கை எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். கை குலுக்குவதற்கே இரண்டு தரம் யோசிக்கிறவர். அவர் ஓரடி முன்னால் வந்து, ஜிவிலேயின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, கன்னத்தில் முத்தமிட்டார். ஜிவிலே கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு படியேறினாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மேஜர் உதட்டுச் சாயம் பூசுவதில்லை. அந்தக் கன்னத்தில் எந்த அடையாளமும் இல்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான், என் சாட்சியை வாங்கிக்கொள்ள அந்த மையத்தில் ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை.